குவாதலூப்பில் ஒரு நாள்: எமக்கு முன் வந்த தமிழர்



வரலாற்று உரை என்றதும் சோழரையும் சங்கிலியனையும் எதிர்பார்ப்பீர்கள். இம்முறை ஒரு சுற்றுலாவைப் பற்றிச் சொல்லப் போகிறேன். காலையில் காட்டுக்குள் நீர்வீழ்ச்சி, மாலையில் கடற்கரை, நடுவே மதியச் சாப்பாடு என்று ஒரே நாளில் முடிந்த பயணம். ஆனால் அந்த ஒரு நாளுக்குள் நூற்று எழுபது ஆண்டுச் சரித்திரம் இருந்தது. அதனால்தான் இதை உங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.

லாச்சப்பலில் கடை வைத்திருப்பவர்களும் சாமான் வாங்க வருபவர்களும் "பிரான்சுக்கு முதலில் வந்த தமிழர் நாங்கள்தான்" என்று பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் நெடுநாள் சொல்லி வந்தேன். 1985இல் நான் வந்தபோது ஃபோபூர் சன் தெனி வீதியில் எமது கடைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒரு கட்டுக் கறிவேப்பிலைக்காக அரை நாள் அலைந்த காலம் அது. ஆகவே எல்லாம் எம்மோடுதான் தொடங்கியது என்று நினைத்ததில் வியப்பில்லை.

அந்த எண்ணத்தை முதலில் அசைத்தவர் என் மனைவி. அவர் பல ஆண்டுகள் ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்தவர். ஒருநாள் வீட்டுக்கு வந்ததும், "இங்க பாருங்க, புதுசா ஒரு நர்ஸ் வந்திருக்காங்க. அவங்க சட்டை அட்டையில சுத்தமான தமிழ்ப் பேரு. தமிழ்ல பேசினா ஒரு சொல்லும் விளங்கலையாம். குவாதலூப் ஆளாம்" என்றார். அந்தப் பெண் பின்னர் எங்கள் குடும்ப நண்பர் ஆனார். ஓய்வு பெற்றுத் தன் தீவுக்குத் திரும்பியவர், வருடந்தோறும் எங்களை அழைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கடந்த மாசி மாதப் பள்ளி விடுமுறையில் நான், மனைவி, மகள், ஒன்பது வயதுப் பேத்தி என நால்வரும் புறப்பட்டோம்.

ஓர்லி விமான நிலையத்திலிருந்து எட்டரை மணி நேரப் பறப்பு. கடல் தாண்டிப் போகிறோம், ஆனாலும் போவது பிரான்சுக்குள்ளேயேதான். 1946இலிருந்து குவாதலூப் பிரான்சின் ஒரு மாகாணம். யூரோதான் செலவாகிறது, பிரெஞ்சுத் தபால் பெட்டிதான் தெருவில் நிற்கிறது. வெளியே வந்தால் எமது ஊர் வெக்கை முகத்தில் அடிக்கிறது. தென்னை, வாழை, மா, பலா, முருங்கை எல்லாம் இருக்கின்றன. என் மனைவி விமான நிலைய வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

குவாதலூப் வண்ணத்துப்பூச்சி போல இரண்டு சிறகுகளை உடையது. கிழக்குச் சிறகான கிராந்த்-தேர் தட்டையானது, கரும்பு விளைவது. மேற்குச் சிறகான பாஸ்-தேர் மலையும் மழைக்காடும் கொண்டது. அதன் உச்சியில் 1,467 மீற்றர் உயரமான சூஃப்ரியேர் எரிமலை இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. 1976இல் அது சீறியபோது தெற்குப் பகுதியிலிருந்து எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களை மாதக்கணக்கில் வெளியேற்றினார்கள். இடம்பெயர்வு என்றால் என்னவென்று எமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அந்த மக்களுக்கும் தேவையில்லை.

எங்கள் நண்பர் ஒரு சிறிய பஸ்ஸில் வழிகாட்டியோடு செல்லும் ஒருநாள் பயணத்துக்குப் பதிவு செய்திருந்தார். பதினான்கு பேர் இருந்தோம். பெரும்பாலானோர் பிரான்சின் குளிருக்குத் தப்பி வந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள். காலை ஏழு மணிக்குப் புறப்பட்ட பஸ், ராஜபனைகள் இருபுறமும் வரிசையாக நிற்கும் துமனுவார் சாலையைத் தாண்டி, கப்பெஸ்தேர் என்ற ஊரிலிருந்து மலை ஏறத் தொடங்கியது. எங்கள் பனையைவிட அந்தப் பனை வழவழப்பாக இருக்கிறது, நுங்கு காய்ப்பதில்லை. ஆனாலும் பனை பனைதான், பார்த்ததும் நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொண்டது.

நாங்கள் போனது கார்பே நீர்வீழ்ச்சிகளுக்கு. அவை மூன்று. முதலாவது 115 மீற்றர், இரண்டாவது 110 மீற்றர், மூன்றாவது 20 மீற்றர். அந்தக் காடு 1989இலிருந்து தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகிறது. வாகனத் தரிப்பிடத்திலிருந்து இருபது நிமிடம் நடந்தால் இரண்டாவது நீர்வீழ்ச்சியைப் பார்க்கும் மேடை வரும். பாறைகள் சரிந்து விழுந்ததால் அடிவாரம்வரை போக விடுவதில்லை. மரங்களில் பாசியும் கொடியும் தொங்க, எப்போதும் ஒரு தூறல் இருந்துகொண்டே இருக்கும் காடு அது.

வழிகாட்டி கெட்டிக்காரப் பையன். 1493 நவம்பரில் கொலம்பஸ் தன் இரண்டாம் பயணத்தில் இந்தக் கரைக்கு வந்ததையும், கூட வந்த மருத்துவர் கடலில் இருந்தே இந்த நீர்வீழ்ச்சியைக் கண்டு வியந்து கடிதம் எழுதியதையும் சொன்னான். அதற்கு முன் இங்கு வாழ்ந்த பூர்வகுடிகள் தீவைக் கருகேரா என்று அழைத்ததையும், அதற்கு அழகிய நீரின் தீவு என்று பொருள் சொல்லப்படுவதையும் சொன்னான். 1635இல் பிரெஞ்சுக்காரர் வந்தது, ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து கரும்பு நட்டது, 1848 ஏப்ரல் 27இல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்தது எல்லாம் சொன்னான். அதோடு வரலாறு முடிந்துவிட்டது போல, பறவைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினான்.

என் மனைவி நீர்வீழ்ச்சியைப் பார்த்தபடி நின்றார். அவர் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். 1977 கலவரத்தின் பின் வன்னிக்கு இடம்பெயர்ந்த குடும்பம். "நம்ம செயின்ட் கிளேயர் மாதிரியே இருக்கு" என்றார். பிறகு சற்று நேரம் கழித்து, "தண்ணி விழுறதப் பாக்க வர்றவங்க லயத்தப் பாக்க மாட்டாங்க" என்றார்.

அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது. 1848க்குப் பிறகு என்ன நடந்தது என்று வழிகாட்டியிடம் கேட்டேன். அவன் என்னையும் என் குடும்பத்தையும் ஒருமுறை பார்த்தான். "உங்களுக்குத் தெரியாதா? பிறகு உங்கள் ஆட்கள் வந்தார்கள். என் அம்மாவின் பாட்டியும் அவர்களில் ஒருத்திதான்" என்றான்.

நேயர்களே, நடந்தது இதுதான். அடிமை முறை ஒழிந்தபோது குவாதலூப்பில் எண்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றார்கள். அவர்களில் பலர் தம்மை அடித்து வேலை வாங்கிய தோட்டங்களுக்குத் திரும்பிப்போக விரும்பவில்லை. கரும்பு முதலாளிகளுக்குக் குறைந்த கூலிக்குக் கைகள் தேவைப்பட்டன. பிரான்சின் கையில் புதுச்சேரியும் காரைக்காலும் இருந்தன. அங்கிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலில் ஏற்றினார்கள். லொரேலி என்ற கப்பல் 1853 மே மாதத்தில் மார்த்தினிக் தீவுக்கு முதல் தொகுதியைக் கொண்டுவந்தது. அதே கப்பல் 1854 டிசெம்பர் 24ஆம் திகதி, நத்தாருக்கு முதல் நாள், முந்நூறுக்கும் மேற்பட்டவர்களோடு குவாதலூப்பின் புவாந்த்-அ-பித்ர் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது.

1861இல் பிரித்தானியாவும் பிரான்சும் ஓர் உடன்படிக்கை செய்தன. அதன் பின் பிரித்தானிய இந்தியாவிலிருந்தும் ஆட்களைச் சேர்க்க வழி பிறந்தது. கல்கத்தாவிலிருந்தும் கப்பல்கள் வந்தன. என்றாலும் வந்தவர்களில் பெரும்பாலோர் தென்னாட்டவர், அவர்களிலும் தமிழரே அதிகம். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஏறக்குறைய மூன்று மாதக் கடற்பயணம். வழியில் இறந்தவர்களுக்குக் கடல்தான் சுடலை. 1889 ஜனவரியில் கடைசிக் கப்பல் வந்து சேரும்வரை, முப்பத்தைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 42,000 பேர் குவாதலூப்புக்குக் கொண்டுவரப்பட்டார்கள். தொழிலாளர் நடத்தப்பட்ட விதம் பற்றிய முறைப்பாடுகள் குவிந்ததால் 1888இல் பிரித்தானிய அரசு அங்கு ஆள் அனுப்புவதைத் தடுத்துவிட்டது.

ஒப்பந்தம் ஐந்து வருடம். முடிந்ததும் இலவசமாக ஊருக்கு அனுப்புவோம் என்று எழுதியிருந்தார்கள். எழுத்து வேறு, நடப்பு வேறு. ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது, கப்பல் தாமதமானது, பலர் நோயிலும் வேலையிலும் மாண்டார்கள். வந்தவர்களில் நான்கில் ஒருவர்கூட ஊர் திரும்பவில்லை.

ஆட்களைச் சேர்த்தவர்களைப் புதுச்சேரியில் மேஸ்திரி என்றார்கள். பஞ்சத்தில் இருந்தவனிடம் நல்ல சாப்பாடு, நல்ல கூலி, பக்கத்துத் தீவு என்று சொல்லிக் கப்பலேற்றினார்கள். இதைக் கேட்டபோது எனக்கு ஏஜென்சிக்காரர் நினைவு வந்தார். 1985இல் எங்களை அனுப்பியவரும் அப்படித்தான் சொன்னார். "மொஸ்கோவில் இறங்கி ஏறினால் சரி, அடுத்த நாள் பரிஸ்." அந்த அடுத்த நாள் வர ஐந்து மாதம் பிடித்தது.

ஆனால் ஒப்பீட்டை அளவோடு வைத்துக்கொள்வோம். நாம் உயிர் தப்ப ஓடி வந்தவர்கள். வந்து சேர்ந்தபின் வேலையை விட்டு விலகினால் சிறை என்று எம்மை யாரும் கட்டி வைக்கவில்லை. அவர்கள் கட்டப்பட்டே கொண்டுவரப்பட்டார்கள். தோட்டத்தை விட்டு அனுமதியின்றி வெளியே போனால் அலைந்து திரிகிறான் என்று பிடித்துத் தண்டித்தார்கள்.

நீர்வீழ்ச்சியிலிருந்து இறங்கியதும் வழிகாட்டி, மற்றவர்களின் சம்மதத்தோடு, திட்டத்தில் இல்லாத ஓர் இடத்தில் பஸ்ஸை நிறுத்தினான். கப்பெஸ்தேரின் ஷாங்கி என்ற இடம். நெடுஞ்சாலை ஓரத்தில், பச்சையும் சிவப்புமாகத் தெய்வங்கள் நிறைந்த கோயில். உள்ளே இருப்பவர் மாரியம்மன். அங்கு அவளை மாலியெமின் என்கிறார்கள். பக்கத்தில் காவலுக்கு நிற்பவர் மால்தெவிலின். சற்று யோசித்தால் பிடிபடும், மதுரை வீரன்தான் அது. கடலில் வந்தவர்களைக் காத்ததாக நாகூர் ஆண்டவரையும் அவர்கள் மறக்கவில்லை, நாகூர் மீரா என்பது அங்கு நாகுமிலா ஆகியிருக்கிறது. வழிபாட்டுப் பாடல்களைப் பொருள் விளங்காமலே மனப்பாடமாகத் தமிழில் பாடுகிறார்கள். விடிய விடிய ஆடும் கூத்து ஒன்றும் அவர்களிடம் உண்டு. அதன் பெயர் நாத்ரோன். நாடகம் என்ற எமது சொல்லே அப்படித் தேய்ந்திருக்கிறது. மத்தளத்தை மத்தலோன் என்கிறார்கள்.

என் மகள் சுவரில் எழுதியிருந்த நன்கொடையாளர் பெயர்களை வாசித்துக்கொண்டு நின்றாள். ராமசாமி, முத்துசாமி, வீரப்பன், முனியன் போன்ற பெயர்கள், எல்லாம் பிரெஞ்சு எழுத்துக்கூட்டில். "அப்பா, இவையெல்லாம் முதற்பெயர்கள் அல்லவா? எப்படிக் குடும்பப் பெயராயின?" என்று கேட்டாள்.

நான் அவளுடைய அடையாள அட்டையை எடுக்கச் சொன்னேன். அதில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருப்பது என் தகப்பனாரின் பெயர். எமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்ததில்லை, தகப்பன் பெயரைத்தான் முன்னால் வைப்போம். இங்கு வந்து பதிவு செய்தபோது, என் தகப்பனாரின் பெயர் எங்கள் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. வேறு விதமாகப் பதிந்த என் தம்பியின் பிள்ளைகளுக்கு இன்னொரு குடும்பப் பெயர். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் கடதாசியில் இரு குடும்பம். 1854இல் புவாந்த்-அ-பித்ர் துறைமுகத்தில் பதிவேட்டோடு நின்ற எழுத்தனும் இதையேதான் செய்தான். முத்துசாமி என்று ஒருவன் சொன்னான், அவன் வழிவந்த அனைவரும் இன்றுவரை முத்துசாமி. அவர்களில் ஒருவரான எர்னஸ்ட் முத்துசாமி 1981 முதல் 2002 வரை பிரெஞ்சுப் பாராளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். அதாவது, நாங்கள் அகதி விண்ணப்பத்துக்காக வரிசையில் நின்ற நாட்களில், இதே பரிஸ் நகரப் பாராளுமன்றத்தில் ஒரு முத்துசாமி அமர்ந்திருந்தார். எங்களுக்கு அது தெரியாது.

கப்பெஸ்தேருக்கு இன்னொரு பெருமை உண்டு. ஆன்றி சிதம்பரம் பிறந்த ஊர் அது. 1863இல் பிறந்து 1952இல் மறைந்தவர், ஒப்பந்தத் தொழிலாளியின் மகன். 1904இல், இந்தியரின் பிள்ளைகள் வாக்காளர் பட்டியலில் இருப்பதற்குக் காலனி நிர்வாகம் ஆட்சேபம் எழுப்பியது. உங்கள் பெற்றோர் பிரித்தானியப் பிரசைகள், ஆகவே நீங்கள் பிரெஞ்சுக்காரர் அல்ல என்பது வாதம். சிதம்பரம் வழக்காடினார். பிரெஞ்சு மண்ணில் பிறந்தவர்களுக்கு உரிமை தரும் 1889ஆம் ஆண்டுச் சட்டம் தீவிலும் செல்லும் என்று வாதிட்டார். இன்னொன்றையும் கேட்டார், அதுதான் அவருடைய கெட்டித்தனம். எங்கள் பிள்ளைகளையும் மற்ற பிரெஞ்சுக்காரரைப் போல இராணுவ சேவைக்கு அழையுங்கள் என்றார். கடமையைக் கேட்பவனுக்கு உரிமையை மறுப்பது கடினம். பத்தொன்பது ஆண்டுகள் இழுபட்டு, 1923இல், ரேமோன் புவான்காரே பிரதமராக இருந்தபோது, இந்திய வம்சாவளியினரின் பிரெஞ்சுக் குடியுரிமை உறுதியானது.

இங்கு பிறந்த எமது பிள்ளைகள் பதின்மூன்று வயதில் பெற்றோரின் மனுவாலும் பதினெட்டு வயதில் தானாகவும் குடியுரிமை பெறுகிறார்கள் அல்லவா? மண்ணில் பிறந்தவருக்கு உரிமை என்ற அந்தத் தத்துவத்துக்காகத் தீவில் வாதாடியவர்களில் ஒருவர் பெயர் சிதம்பரம். எமது தமிழ் வகுப்புகளில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய பெயர் இது.

இதைக் கேட்டு என் மனைவி சிறிது நேரம் பேசவில்லை. அவருடைய முன்னோரும் இதே காலத்தில்தான், கோப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாக, மன்னார் வழியே நடந்து மலையேறியவர்கள். அங்கு நடந்தது தலைகீழ். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசிலிருந்து ஏழு பேரைப் பாராளுமன்றம் அனுப்பிய மக்கள், 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆனார்கள். அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1964 சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையில் 9,75,000 மனிதர்களைக் கணக்குப் பார்த்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். எஞ்சியவர்களின் நாடற்ற நிலை தீர 2003இல் ஒரு சட்டம் வர வேண்டியிருந்தது. "நம்ம அப்பாவுக்கு ஒரு சிதம்பரம் கிடைக்கல" என்றார் மனைவி. குடியுரிமைக்காகத் தோட்டங்களில் போராடியவர்கள் இல்லாமல் இல்லை, நேயர்களே. அவர்களுக்குச் செவிகொடுக்கக் கொழும்பில் ஆள் இல்லை.

மதியம் துறுவா-ரிவியேர் என்ற ஊரின் கிராந்த்-ஆன்ஸ் கடற்கரைக்குப் போனோம். எரிமலை தந்த கறுப்பு மணல். வெயிலில் கால் வைக்க முடியாமல் சுட்டது. எதிரே செயின்ற் என்ற குட்டித் தீவுகள் நீலமாகத் தெரிந்தன. அலை கடுமை, முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம் என்றான் வழிகாட்டி. ஓலைக் கொட்டிலில் சாப்பாடு. பட்டியலில் கொலம்போ என்று இருந்தது. "அம்மப்பா, இது சிறிலங்காவின் தலைநகரம்!" என்று பேத்தி சிரித்தாள். வந்ததோ ஆட்டுக் குழம்பு. மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு வாசம். குழம்பு என்ற சொல்தான் கொலம்போ ஆனது என்பார்கள். இன்று அது தீவில் எல்லா இனத்தவரின் விருந்துச் சாப்பாடு. ஆபிரிக்க வழி வந்தவர்களும் தமது என்றே சொல்லிச் சாப்பிடுகிறார்கள். சரி, அது அவர்களுடையதும்தான்.

ஒரு விடயத்தையும் மறைக்கக் கூடாது. மேலே நாம் பார்த்த தெளிந்த நீர், கீழே இறங்கும்போது வாழைத் தோட்டங்கள் ஊடாக வருகிறது. கரும்புக்குப் பிறகு கப்பெஸ்தேரின் செல்வம் வாழை. அந்த வாழைக்கு 1972 முதல் 1993 வரை குளோர்டெகோன் என்ற பூச்சிமருந்தை இட்டார்கள். பிரான்சின் பெருநிலத்தில் 1990இல் நிறுத்திய மருந்தை, தீவுகளில் மேலும் மூன்று வருடம் அனுமதித்தார்கள். மண்ணிலும் ஆற்றிலும் இன்றும் அது இருக்கிறது. தீவின் வளர்ந்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இரத்தத்தில் அதன் தடயம் கண்டிருக்கிறார்கள். சில கரையோரங்களில் மீன்பிடிக்கத் தடை. 2018இல் ஜனாதிபதி மக்ரோன் இதைச் சூழல் அவலம் என்று ஒப்புக்கொண்டார். 2023 ஜனவரியில் பரிஸ் நீதிபதிகள் எவர்மீதும் வழக்குத் தொடராமல் கோவையை மூடினார்கள். குடியுரிமை கிடைத்தால் எல்லாம் கிடைத்துவிட்டது என்று நாம் நினைக்காமல் இருக்க இது உதவும்.

சாப்பிட்டு முடித்து, கறுப்பு மணலில் ஒரு நிழலில் உட்கார்ந்திருந்தோம். பேத்தி காலையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். திடீரென்று என்னிடம் கேட்டாள். "அம்மப்பா, நீங்கள் எந்தக் கப்பலில் வந்தீர்கள்?"

எங்கள் வீட்டில் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. என் மகளுக்கு முப்பத்தைந்து வயது. அவளுக்கும் நான் சொன்னதில்லை. சொல்ல விருப்பமில்லாமல் அல்ல. வேலை, வீட்டு வாடகை, ஊருக்குக் காசு, போர், தொலைபேசி என்று நாள் போய்விட்டது. அதோடு ஒரு வெட்கமும் இருந்தது. நான் வந்த கடவுச்சீட்டில் இருந்தது என் பெயர் அல்ல. மொஸ்கோ, கிழக்கு பேர்லின், சுவரைத் தாண்டி மேற்கு பேர்லின், பிறகு ஒரு லொறியின் பின்புறம். கூட வந்த ஒருவன் வழியில் பிரிந்தான், பிறகு அவனைப்பற்றி ஒரு தகவலும் இல்லை. என் பத்திரத்தில் இருக்கும் பிறந்த திகதியும் நான் பிறந்த திகதி அல்ல. வருடந்தோறும் பிள்ளைகள் கேக் வெட்டுவது ஏஜென்சிக்காரர் தந்த நாளில்.

அன்று அந்தக் கரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. என் மகள் அழுதாள். பேத்தி கடைசியில், "அப்படியானால் உங்கள் உண்மையான பிறந்தநாள் எப்போது?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். விரலால் மணலில் எழுதினாள். அலை வந்து அழிக்க முன் தாயின் கைத்தொலைபேசியில் அதைப் படம் எடுத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது எங்கள் நண்பர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அவர் தன் முப்பாட்டனின் ஊரை இருபது வருடமாகத் தேடுகிறார். ஆவணக் காப்பகத்தில் கப்பல் பதிவேடு இருக்கிறது. ஊர்ப் பெயரைப் பிரெஞ்சுக்கார எழுத்தன் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறான். அது எந்த ஊர் என்று எவருக்கும் பிடிபடவில்லை. "அவர் ஒருமுறை, ஒரே ஒருமுறை, தன் பிள்ளைக்கு ஒழுங்காகச் சொல்லியிருந்தால் போதும்" என்றார்.

அவர்கள் தமிழை ஏன் இழந்தார்கள் என்று கேட்பது சுலபம். தோட்டந்தோட்டமாகச் சிதறடிக்கப்பட்டார்கள். வந்தவர்களில் பெண்கள் குறைவு. வேலைத்தளத்தில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சு. 1889க்குப் பிறகு ஊரிலிருந்து ஒரு கப்பலும் இல்லை, ஒரு கடிதமும் இல்லை. தமிழ் எழுத்தைச் சொல்லிக்கொடுக்க ஒரு பள்ளி இல்லை. இத்தனைக்கும் மேலாக அம்மனையும் குழம்பையும் பெயரையும் காப்பாற்றினார்களே, அது பெரிய காரியம். எமக்குத் தொலைபேசி இருக்கிறது, வார இறுதித் தமிழ் வகுப்பு இருக்கிறது, கூடிக் கதைக்க லாச்சப்பல் இருக்கிறது, இந்த வானொலி இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் நாம் இழந்தால் எழுத்தனைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த மடலின் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. அதில் உங்கள் சொந்த ஊர், பெற்றோரின் பெயர், நீங்கள் புறப்பட்ட நாள், வந்த வழி, உங்கள் உண்மையான பிறந்த நாள் ஆகியவற்றைத் தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதுங்கள். எவருக்கும் அனுப்ப வேண்டாம். வீட்டு அலுமாரியில், பிள்ளைகள் கண்டெடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். முடிந்தால் எழுதியதை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். கேட்கமாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். என் பேத்தி கேட்டாள்.

மீண்டும் அடுத்த மாத உரையில் சந்திப்போம்.